இருமினால் சலம் போகிறது: நாடா வைப்பதா, வேறு வழியா?

2024 பெப்ரவரி 10, உப்புவெளி வாசகி

எனக்கு 46 வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு இருமினால், தும்மினால், சிரித்தால் சலம் கசியும். இப்போது கடைக்கு நடந்து போவதற்கே பாட் வைக்க வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் வி.ஓ.ஜி. (பெண்நோய் மருத்துவ நிபுணர்) "சின்ன ஒப்பரேஷன்தான், ஒரு நாடா வைத்துவிடலாம்" என்றார். லண்டனில் இருக்கும் மச்சாளிடம் சொன்னேன். "அது இங்கே தடைசெய்த சாமான், வைத்தவர்கள் நடக்க முடியாமல் கிடக்கிறார்கள், கையெழுத்து வைக்காதே" என்று கத்துகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

2024 பெப்ரவரி 11, காலை

உப்புவெளி வாசகிக்கு: மச்சாள் சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதிதான் உங்களுக்கு வேண்டியது.

இங்கிலாந்தில் 2018 ஜூலையில் யோனி வழியாக மெஷ் என்ற செயற்கை வலையை வைக்கும் ஒப்பரேஷன்களை நிறுத்திவைத்தார்கள். சலக்கசிவுக்கு வைக்கிற நாடாவும் அதில் அடக்கம். ஆனால் சட்டம் போட்டுத் தடை செய்யவில்லை. யாருக்கு எதை வைத்தோம் என்று பதிவேடு வேண்டும், வைக்கிறவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், பிரச்சினை வந்தால் வெளியே எடுக்கத் தெரிந்த நிலையங்கள் வேண்டும், இதெல்லாம் ஒழுங்காகும் வரை பொறுங்கள் என்றார்கள். 2020 ஜூலையில், இதை விசாரித்த கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. வலி என்று சொன்ன பெண்களின் பேச்சை வருடக்கணக்காக யாரும் காதில் போடவில்லை என்று அது கடுமையாகவே சொன்னது. ஸ்கொட்லாந்தும் அயர்லாந்தும் 2018இலேயே நிறுத்தின. நியூசிலாந்து 2023இல் நிறுத்தியது.

அதே இங்கிலாந்தின் 2019 மருத்துவ வழிகாட்டியை எடுத்துப் பார்த்தால், நல்லது கெட்டதை எல்லாம் சொன்ன பிறகு பெண் தெரிவு செய்யக்கூடிய ஒப்பரேஷன்களில் இந்த நாடாவும் ஒன்றாக இருக்கிறது.

அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது வேறு சாமான். கருப்பையோ சலப்பையோ கீழே இறங்கும் அடி இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கிற பெரிய வலைத்துண்டு அது. கசிவுக்கு வைப்பது ஒரு சென்ரிமீற்றர் அளவு அகலமான நாடா. பொருள் ஒன்றுதான், பொலிபுரொப்பிலீன். அளவும் வைக்கிற இடமும் வேறு. முகநூலில் எல்லாவற்றையும் "மெஷ்" என்ற ஒரே பெயரில் போட்டு வாங்குகிறார்கள்.

பெப்ரவரி 11, இரவு

உங்களுக்கு எதைச் செய்தார்கள் என்று எப்படியும் கேட்பீர்கள், முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கு வைத்தது நாடா இல்லை. என்னுடைய வயிற்றுத் தசையை மூடியிருக்கும் வெள்ளை உறையில் ஒரு பட்டி வெட்டி எடுத்து, அதைச் சலவழிக்குக் கீழே தாங்கலாகப் போட்டார்கள். வெளிப்பொருள் ஒன்றும் உடம்புக்குள் இல்லை. அதற்காக அடிவயிற்றில் சிசேரியன் கீறல் மாதிரி ஒரு கீறல். பிள்ளைகள் எல்லாவற்றையும் கீழால் பெற்றவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகு அந்தத் தழும்பும் கிடைத்தது.

இருமலுக்கும் தும்மலுக்கும் இப்போது பயமில்லை. ஆனால் சலம் போக நேரம் எடுக்கிறது. முன்னால் குனிந்து, பொறுத்திருந்து, முடிந்தது என்று எழும்பினால் இன்னும் கொஞ்சம் இருக்கும். என் கணவர் குளியலறைக் கதவைத் தட்டி "இருக்கிறியா, போயிட்டியா" என்று கேட்பது வீட்டில் வழக்கமாகிவிட்டது. இப்படி ஆகலாம் என்று ஒப்பரேஷனுக்கு முதல் எனக்கு உறைக்கிற மாதிரி யாரும் சொல்லவில்லை. தாளில் இருந்ததாம். நான் கையெழுத்து வைத்த தாளில் தமிழ் இல்லை. ஆஸ்பத்திரியின் பெயர் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், சொல்ல மாட்டேன்.

பெப்ரவரி 14

ஒப்பரேஷனைப் பற்றிப் பேச முதல் ஒரு விஷயம். எந்தக் கசிவு உங்களுடையது?

இருமும்போது, குடம் தூக்கும்போது, ஓட்டோ பள்ளத்தில் விழும்போது சட்டென்று போவது ஒன்று. "இப்பவே போக வேண்டும்" என்று அவசரம் வந்து, கழிவறைக் கதவைத் திறக்க முதலே போய்விடுவது இன்னொன்று. முதலாவதுக்குத்தான் இந்த ஒப்பரேஷன்கள். இரண்டாவது சலப்பை தானாகச் சுருங்குவதால் வருவது. அதற்கு நாடா வைத்தால் சரியாகாது, சிலருக்குக் கூடிவிடும். எங்கள் வயதில் பலருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். அப்போது எது கூட என்று பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். எழுதினால் தெரிந்துவிடும். நான் எழுதியபோது தெரிந்த முதல் விஷயம், வெளியே போகிற நாளில் நான் தண்ணீரே குடிப்பதில்லை என்பது. திருகோணமலை வெயிலில்! சலம் கடும் மஞ்சளாகி, அதுவே சலப்பையை எரிச்சலாக்கி, அவசரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஏன் கசிகிறது என்றால், 1994இல் டிலான்சி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய விளக்கம்தான் எனக்குப் புரிந்தது. தண்ணீர்க் குழாயைச் சீமெந்துத் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நிற்கும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் கீழே அமிழும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இருமும்போது வயிற்றுக்குள் வரும் அமுக்கம்தான் அந்த மிதி. பிள்ளைப்பேறு, வயது, உடற்பாரம், நாட்பட்ட மலச்சிக்கல் எல்லாம் அந்தத் தரையை இளக்கிவிடுகின்றன. நாடாவோ, தசை உறையோ, தையலோ, எல்லாம் தரையைத் திரும்பவும் இறுக்கும் வேலைதான்.

பெப்ரவரி 14, பின்னேரம்

"யூரோடைனமிக்ஸ் என்று குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்குக் கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார்.

எல்லாருக்கும் வேண்டியதில்லை. 2012இல் அமெரிக்காவில் 630 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இருமல் கசிவு மட்டும் தெளிவாக இருந்த பெண்களில், அந்தச் சோதனை செய்து ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாமல் செய்தவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துப் பலனில் வித்தியாசம் இல்லை. சலப்பை நிரம்பியிருக்கும்போது இருமச் சொல்லிப் பார்ப்பது, சலத்தில் கிருமி இருக்கிறதா என்ற சோதனை, போன பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பது, இவை போதும். கலப்புக் கசிவு, முன்பு ஒரு ஒப்பரேஷன் தோற்றது, சலம் போகச் சிரமம், இப்படி ஏதாவது இருந்தால் போய்ச் செய்யத்தான் வேண்டும். இரவு ரயிலில் போகிறவர்கள் கழிவறைக்குப் பக்கத்துப் பெட்டியாகப் பாருங்கள், அது தனிச் சோதனை.

பெப்ரவரி 22

இடுப்படித் தசைப் பயிற்சியைத் தாண்டி நேரே ஒப்பரேஷனுக்கு ஓடாதீர்கள் என்று சொன்னால் "அதெல்லாம் செய்து பார்த்தாச்சு" என்று எல்லாரும் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். செய்தது என்னவென்றால், ஒரு வாரம் ரி.வி. பார்க்கும்போது குண்டியை இறுக்கியது.

கெகல் என்ற மருத்துவர் 1948இல் எழுதிய பயிற்சி இது. இறுக்க வேண்டியது வயிறும் இல்லை, குண்டியும் இல்லை, தொடையும் இல்லை. காற்றை அடக்குகிற மாதிரி, சலத்தை நிறுத்துகிற மாதிரி உள்ளுக்குள் மேலே தூக்க வேண்டும். சரியான தசையைத்தான் தூக்குகிறீர்களா என்று ஒருவர் விரல் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் பாதி வேலை. ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டு, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். 35 தாண்டியவர்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. பிரஷரும் சீனியும் பார்த்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பப் சோதனையும் செய்கிற இடம். அங்கே வாய் திறந்து இதையும் சொல்லுங்கள். மிட்வைஃபுக்கு இது கேட்காத கதை இல்லை.

2013இல் நெதர்லாந்தில் 460 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி, மற்றப் பாதிக்கு நேரே நாடா. ஒரு வருடத்தில் பயிற்சிக் குழுவில் 49 சதவீதம் பேர் நாடாவுக்கு மாறிவிட்டார்கள். முன்னேற்றம் என்று சொன்னவர்கள் நாடாக் குழுவில் 91 சதவீதம், பயிற்சிக் குழுவில் 64. ஒப்பரேஷன் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைக் காட்டிப் பயிற்சி வீண் என்பார்கள். எனக்கு அதில் தெரிவது, பாதிப்பேர் கத்தி படாமலே சமாளித்துவிட்டார்கள் என்பதுதான். இழக்க ஒன்றும் இல்லாத பயிற்சி. ஒப்பரேஷன் செய்தாலும் அந்தத் தசை வேண்டும்.

பெப்ரவரி 23

இருமலை நிறுத்தினால் கசிவும் நிற்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதக்கணக்காக வறட்டு இருமல், அதோடு கசிவு. கிளினிக்கில் பிரஷருக்கு எனலாப்ரில் கொடுத்திருந்தார்கள். அந்தக் குளிசை சிலருக்கு இருமலைக் கொண்டுவரும். டாக்டரிடம் சொல்லி லொசார்ட்டனுக்கு மாற்றினார்கள், இருமல் போனது, கசிவு முக்கால்வாசி போனது. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், சொல்லி மாற்றுங்கள்.

உடற்பாரமும் அப்படித்தான். 2009இல் வந்த அமெரிக்க ஆய்வில் ஆறு மாதத்தில் உடற்பாரத்தில் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. நான் குறைத்தேனா என்று கேட்க வேண்டாம்.

மார்ச் 9

நேற்றுச் சிவராத்திரி. கோணேசர் கோயிலில் முழு இரவும் இருந்துவிட்டு வந்தேன். ஒப்பரேஷனுக்கு முதல் சில வருடம் மேலே ஏறவே இல்லை. கோட்டை வாசலிலிருந்து அந்த ஏற்றம், கடைகளுக்கு நடுவே சனநெரிசல், கழிவறைக்கு வரிசை. மான் பார்க்க வேண்டும் என்று பேரப்பிள்ளை கேட்டால் கோட்டையோடு நின்றுவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லித் திரும்பிவிடுவேன். எனக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை.

நேற்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது: "வயசு போனா எல்லாருக்கும் உள்ளதுதானே." எத்தனை பெண்கள் இப்படிச் சொல்லிக்கொண்டு கல்யாண வீட்டையும் கோயிலையும் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்! தலையிட்டுப் பேச வாய் உன்னியது. விடிய நாலு மணிக்குக் கழிவறை வரிசையில் பாடம் நடத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஓய்வு பெற்ற ரீச்சருக்கு அது பெரிய அடக்கம்.

மார்ச் 15

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: "நோன்பு தொடங்கிவிட்டது. தொழுகையில் குனிந்து எழும்பும்போது கசிகிறது, ஒளு (தொழுகைக்கு முன் செய்கிற சுத்தம்) முறிந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் செய்கிறேன். தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்."

மார்க்கம் சொல்ல நான் ஆள் இல்லை. அடக்க முடியாத கசிவு உள்ளவர்களுக்குச் சலுகை உண்டு என்று என்னோடு படிப்பித்த முஸ்லிம் ரீச்சர்மார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் மௌலவியிடமோ, கூச்சமாக இருந்தால் பெண்ணான மௌலவியாவிடமோ கேளுங்கள். மருத்துவப் பக்கம் மட்டும் சொல்கிறேன். எழும்புகிற அந்த நொடிக்குச் சற்று முன்பே தசையை இறுக்கிக்கொண்டு எழும்புங்கள். இருமலுக்கு முன்பும் அப்படியே. பழகிவிட்டால் பல பேருக்கு அது மட்டுமே பெரிய உதவி. வி.ஓ.ஜி.யிடம் போகும்போது "தொழ முடியவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். "கொஞ்சம் கசியுது டொக்டர்" என்றால் அவரும் கொஞ்சமாகத்தான் எடுப்பார்.

கிண்ணியா என்றதும் ஞாபகம் வருகிறது. 2009இல் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதை என்கிற எஞ்சின் படகில் ஏறித்தான் அந்தப் பக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் காத்திருக்க வேண்டும். கழிவறை கிடையாது. அப்போது எனக்குக் கடைக்குட்டி பிறந்து ஒரு வருடம்கூட இல்லை. எஞ்சின் அதிர்கிற அதிர்வில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றது, அதுதான் என் முதல் பயிற்சி வகுப்பு.

மார்ச் 30

சரி, ஒப்பரேஷன்கள். பல பேர் கேட்டுவிட்டீர்கள். இது நீளமாக வரும்.

முதலில் நாடா. சுவீடனின் உல்ம்ஸ்டன் 1996இல் வெளியிட்ட முறை. யோனிக்குள் சின்ன வெட்டு, அதனூடாக நாடாவைச் சலவழியின் நடுப்பகுதிக்குக் கீழே வைத்து, இரண்டு நுனியையும் முன் இடுப்பெலும்புக்குப் பின்னால் மேலே இழுத்து அடிவயிற்றில் வெளியே எடுப்பார்கள். ரி.வி.ரி. என்பது இதுதான். அரை மணித்தியாலம் அளவில் முடியும் வேலை, பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு. 17 வருடம் கழித்துப் பரிசோதனைக்கு வந்த வட ஐரோப்பியப் பெண்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோதனையில் கசிவு இல்லை என்று 2013இல் எழுதினார்கள். ஊசி மேலே போகும் பாதையில் சலப்பை இருக்கிறது, அதனால் சிலருக்கு அதில் துளை விழும். ஒப்பரேஷன் தியேட்டரிலேயே கமரா விட்டுப் பார்த்து, விழுந்திருந்தால் ஊசியை எடுத்துத் திரும்ப வைப்பார்கள். அந்த இடத்தில் கண்டுபிடித்துவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

அந்தத் துளைக்குப் பயந்துதான் பிரான்ஸின் டெலோர்ம் 2001இல் பாதையை மாற்றினார். நாடா மேலே போகாமல் பக்கவாட்டில், தொடையின் உள் மடிப்பு வழியாக வெளியே வரும். இது ரி.ஓ.ரி. சலப்பைக்கு ஆபத்துக் குறைவு, சலம் அடைத்துக்கொள்வதும் குறைவு. ஆனால் தொடை மடிப்பில் வலி. 2010இல் 597 பெண்களில் இரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் சோதனைப் பலன் கிட்டத்தட்ட ஒன்று: ரி.வி.ரி.க்கு 80.8, ரி.ஓ.ரி.க்கு 77.7 சதவீதம். சலம் போகாமல் மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள் ரி.வி.ரி.யில் 2.7 சதவீதம், ரி.ஓ.ரி.யில் ஒருவரும் இல்லை. கால் பெலவீனம், மரத்துப்போதல் ரி.வி.ரி.யில் 4 சதவீதம், ரி.ஓ.ரி.யில் 9.4. முன்பு அந்தப் பக்கம் ஒப்பரேஷன் நடந்தது போன்ற தனிக் காரணம் இல்லாவிட்டால் தொடை வழியை முன்வைக்க வேண்டாம் என்கிறது இங்கிலாந்து வழிகாட்டி. தொடை மடிப்பில் வலியோடு இருக்கும் நாடாவை முழுதாக எடுப்பது பெரிய சிக்கல் என்பதால் எனக்கும் அதே எண்ணம்தான். வயல் வேலை, சம்மாணம் கட்டி இருக்கிற வேலை செய்கிறவர்கள் இரண்டு தடவை யோசியுங்கள்.

எந்த நாடாவானாலும் ஒரு சிலருக்கு அது யோனித் தோலைத் துளைத்து வெளியே தெரியும். கணவனுக்குத்தான் முதலில் குத்தும், அவர்தான் முதலில் சொல்லுவார். அதுகூட ஒரு வெட்டும் தையலும். நாட்பட்ட வலிதான் பயப்பட வேண்டியது. வருகிறவர்கள் குறைவு. ஆனால் உடம்பு இழையோடு ஒட்டி வளர்ந்துவிட்ட நாடாவைப் பிரித்தெடுப்பது, வைப்பதைவிடப் பல மடங்கு கடினம். எடுத்த பிறகும் வலி போகாதவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பேர்ச். ஜோன் பேர்ச் 1961இல் எழுதியது. யோனியின் முன்சுவரைச் சலவழிக்கு இரு பக்கமும் பிடித்து, முன் இடுப்பெலும்பை ஒட்டிய தடித்த நாரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மெஷ் இல்லை, தையல் நூல் மட்டும். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், சின்னத் துளைகள் வழியாக லப்பரஸ்கொப்பியிலும் செய்யலாம். முன்பக்கம் தூக்கிக் கட்டுவதால் வருடங்கள் போகப் பின்பக்கச் சுவர் இறங்கும் சாத்தியம் இதில் இருக்கிறது.

பிறகு எனக்குச் செய்தது. தசை உறை ஸ்லிங், அதாவது தாங்கல். 1942இல் ஓல்ட்ரிட்ஜ் செய்தது, 1978இல் மக்குவையர் திரும்பப் புதுப்பித்தது. 2007இல் 655 பெண்களில் இதையும் பேர்ச்சையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில் இருமல் கசிவுக்குப் பலன் ஸ்லிங்கில் 66 சதவீதம், பேர்ச்சில் 49. சலம் போவதில் சிக்கல் ஸ்லிங்கில் 14 சதவீதம், பேர்ச்சில் 2. அந்த 14இல் நானும் ஒருத்தி என்று இப்போது தெரிகிறது. 66ஐ மட்டும் காட்டினால் அது விளம்பரம்.

ஊசி மருந்தும் இருக்கிறது. சலவழியின் சுவரில் ஜெல் போட்டு வழியை ஒடுக்குவது. இப்போது அதிகம் போடுவது 97.5 சதவீதம் தண்ணீரும் மிச்சம் பொலிஅக்ரிலமைட்டும் கலந்தது. வெட்டு இல்லை, மயக்கம் தேவையில்லை, வயதானவர்களுக்கும் இருதய நோய்க்காரருக்கும் ஏற்றது. பலன் குறைவு, திரும்பப் போட வேண்டி வரும்.

எனக்கு இப்போது படுவது இதுதான். வெற்றிச் சதவீதத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். சரியான ஆளுக்குச் செய்தால் பெரிய ஒப்பரேஷன்கள் எல்லாம் பெரும்பாலானவர்களுக்குப் பலன் தருகின்றன. ஒவ்வொன்றும் தவறினால் எந்தத் தொல்லையைக் கொண்டுவரும், அதில் எதோடு உங்களால் வாழ முடியும் என்று பாருங்கள். மெதுவாகச் சலம் போவதோடு நான் வாழ்கிறேன். அது முடியாதவர்கள் இருப்பார்கள். நாள் முழுதும் பஸ்ஸில் நிற்கிற கொண்டக்டருக்கு அது ஆகாது.

ஏப்ரல் 6

"கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள்" என்று ஒரு வாசகி.

கருப்பை சலத்தைப் பிடித்து வைத்திருப்பதில்லை. 2007இல் சுவீடனின் தேசியப் பதிவேட்டை வைத்துப் பார்த்ததில், கருப்பை எடுத்த பெண்கள் பிறகு கசிவு ஒப்பரேஷனுக்கு வருவது எடுக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நார்க்கட்டி, இரத்தப்போக்கு என்று வேறு காரணம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். கசிவுக்காக எடுக்காதீர்கள்.

"கீழால் தைத்துவிட்டார்கள், ஒரு வருடத்தில் திரும்ப வந்துவிட்டது" என்று இன்னொருவர். அது சலப்பை இறக்கத்துக்குச் செய்கிற முன்சுவர்த் தையல். இறக்கத்துக்கு அது சரி. இருமல் கசிவுக்கு அதை நம்பிச் செய்யக் கூடாது என்று இங்கிலாந்து வழிகாட்டியே சொல்கிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. இறக்கம் இருக்கும்போது சலவழி மடிந்து கசிவு மறைந்திருக்கும். இறக்கத்தைச் சரிசெய்ததும் கசிவு தொடங்கும். "ஒப்பரேஷன் செய்துதான் கெடுத்தார்கள்" என்று சண்டைக்குப் போவோம். முதலே இறக்கத்தை விரலாலோ வளையத்தாலோ தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

ஏப்ரல் 7

இன்னும் பிள்ளை பெற வேண்டும் என்று நினைப்பவர்கள் பொறுங்கள். பெற்று முடிந்த பிறகு செய்யலாம்.

ஏப்ரல் 21

வருடப்பிறப்புக்கு வந்த சொந்தக்காரரோடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு கிணற்றிலும் குளித்தால் இந்த வியாதியும் மாறும் என்று கனடாவிலிருந்து வந்த சித்தி உறுதியாகச் சொன்னார். மாறாது சித்தி. சுடுதண்ணீரில் குளித்தால் உடம்பு நோவுக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே நின்றபோது நினைவு வந்தது, தூக்கும் கட்டுப்பாட்டைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை. அங்கே வாளியால் அள்ளி அள்ளித்தான் குளிக்க வேண்டும். தசை உறை ஸ்லிங்கோ, வயிறு திறந்த பேர்ச்சோ செய்தால் ஆறு வாரத்துக்கு அதெல்லாம் கூடாது. குடம், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை ஒன்றும் தூக்கக் கூடாது. நாடா என்றாலும் சில வாரம் பாரம் வேண்டாம், உடலுறவும் அப்படியே. மலச்சிக்கல் வரவிடாதீர்கள். முக்கினால் தையலில்தான் அமுக்கம் விழும். பப்பாசிப்பழமும் தண்ணீரும்.

எங்கள் வீடுகளில் "தூக்கக் கூடாது" என்று சொன்னால் மூன்றாம் நாள் "நல்லாத்தானே நடக்கிறாய்" என்பார்கள். வெளியே காயம் தெரியாத நாடா ஒப்பரேஷனுக்கு இன்னும் மோசம். டொக்டரை வீட்டுக்காரர் முன்னால் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மே 12

ஒப்பரேஷனுக்குப் பிறகு சலம் எடுக்க வைக்கிற டியூப் (கதீட்டர்) பற்றிக் கேட்டவருக்கு.

ஒப்பரேஷன் முடிந்து கதீட்டர் எடுத்ததும் எனக்குச் சலம் போகவில்லை. வாட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன், தாதி மிஸ்ஸி வந்து வந்து பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரி எனக்காக நேர்த்தி வைத்தார். திரும்ப டியூப் போட்டு, டியூபோடுதான் வீட்டுக்கு வந்தேன். பை நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டே சமைத்தேன். பிறகு மெதுவாக வழி திறந்தது. ஸ்லிங் செய்ய இருப்பவர்கள், தேவைப்பட்டால் தாங்களே சின்னக் குழாய் விட்டுச் சலம் எடுக்க முதலே பழகிக்கொள்ள வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். எனக்கு யாரும் பழக்கவில்லை. "அது என்னால் முடியாது" என்று நினைப்பவர் அந்த ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்க முதல் அதைச் சொல்ல வேண்டும்.

நாடாவிலும் சிலருக்கு இப்படி ஆகும். இறுக்கம் கூடிவிட்டால் நாடாவைத் தளர்த்துவார்கள், அல்லது நடுவில் வெட்டிவிடுவார்கள். பல பேருக்கு வெட்டிய பிறகும் கசிவு முழுதாகத் திரும்புவதில்லை.

மே 13

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர், "அப்படியென்றால் நாடாதான் நல்லது என்கிறீர்களா? பெப்ரவரியில் வேறு மாதிரிப் பேசினீர்கள்" என்கிறார்.

பெப்ரவரியில் நான் எதையும் நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் எழுத எழுத என் எண்ணம் கொஞ்சம் நகர்ந்திருப்பது உண்மை. நான் உறையைத் தெரிவு செய்தது மெஷ் பயத்தால்தான். அந்தப் பயத்தில் பாதி, இறக்கத்துக்கு வைத்த பெரிய வலையின் கதைகளைக் கேட்டு வந்தது. இன்று என்னைப் போல ஒருத்தி வந்து கேட்டால், நன்றாகக் கைபழகிய ஒருவர் மேல் வழியால் வைக்கிற நாடாவை மறுக்கச் சொல்ல மாட்டேன். எனக்கு நானே திரும்பத் தெரிவு செய்தால்? தழும்பும் குனிந்து இருப்பதும் பழகிவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை என்ற நிம்மதியும் இருக்கிறது. மாற்றுவேனா என்று சொல்ல முடியவில்லை.

கைபழக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் வி.ஓ.ஜி.மார் இடமாற்றத்தில் வருவார்கள், போவார்கள். இன்று ஸ்லிங் செய்கிறவர் இருக்கிற இடத்தில் அடுத்த வருடம் செய்யாதவர் இருக்கலாம். மட்டக்களப்பா, யாழ்ப்பாணமா, கண்டியா, கொழும்பா என்று கட்டிடத்தைக் கேட்காதீர்கள். யார் இதை அடிக்கடி செய்கிறார் என்று கேளுங்கள். "நீங்கள் வருடத்தில் எத்தனை செய்கிறீர்கள், பிரச்சினை வந்தால் யார் பார்ப்பார்" என்று நேரே கேட்கலாம். நல்லவர் கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு பதில்.

ஜூன் 16

உப்புவெளிக்காரி திரும்ப எழுதியிருக்கிறார்:

"கணக்கு எழுதினேன், அவசரக் கசிவு இல்லை, எல்லாம் இருமலும் தூக்குவதும்தான். பயிற்சியை மிட்வைஃப் காட்டித்தந்து ஒழுங்காகச் செய்கிறேன். நடக்கும்போது போவது நின்றுவிட்டது, கடையில் மூட்டை தூக்கினால் இன்னும் போகிறது. வேறொரு வி.ஓ.ஜி.யைச் சனல் பண்ணியும் (தனியாரில் பணம் கட்டிச் சந்தித்தும்) கேட்டேன். ஆறு வாரம் கடையை மூடி இருக்க என்னால் முடியாது. மேல் வழி நாடா என்று முடிவு செய்திருக்கிறேன், ஓகஸ்டில் திகதி."

நான் செய்ததற்கு மாறாகத் தெரிவு செய்திருக்கிறார், காரணத்தோடு செய்திருக்கிறார். நல்லது. பயிற்சியை ஓகஸ்ட் வரை நிறுத்தாதீர்கள். அதற்குள் மூட்டைக்கும் நின்றுவிட்டால் திகதியைத் தள்ளிப் போடலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். நாடாவுக்குப் பிறகும் மூட்டையைப் பையனிடம் விடுங்கள்.

ஜூன் 17

ஒன்று விட்டுப் போனது. நாடா வருகிற பெட்டியில் அதன் பெயரும் தொகுதி இலக்கமும் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். தியேட்டரில் அது நோயாளர் கோப்பில் ஒட்டப்படும், கோப்பு ஆஸ்பத்திரியில் நிற்கும். உங்களுக்கு எதை, எந்த வழியால், எந்தத் திகதியில் வைத்தார்கள் என்று வீட்டுக்கு விடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மிச்ச ஸ்டிக்கர் இருந்தால் கிளினிக் கொப்பியிலும் ஒட்டித்தரக் கேளுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வெள்ளமும் கரையானும் உள்ள ஊர், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.